மேல்தகட்டைக் கழற்றாத நாள்

பழைய டீசல் வண்டியின் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும் என்று யாராவது வந்து நின்றால், எனக்கு இப்போதெல்லாம் முதலில் இடுப்பு வலிக்கிறது. ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்பே வலிக்க ஆரம்பித்துவிடுகிறது. முப்பது வருடமாகச் செவிலிமேட்டு ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் இதே வேலை. லாரி, ஜீப், பத்துப் பேர் உட்காரும் பழைய பெரிய வண்டிகள். புது வண்டிக்காரன் என் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டான். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்க்கிற இடம் அவனுக்கு வேண்டும். என்னிடம் வருவதெல்லாம் என்னைப் போலவே இருமிக்கொண்டு வருகிற வகையறா.

மேனிஃபோல்டு என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. எஞ்சினுக்குள் எரிந்த புகை வெளியே வருகிற முதல் குழாய். நான்கு சிலிண்டருக்கு நான்கு வாய், நான்கும் ஒன்றாகச் சேர்ந்து சைலன்சருக்குப் போகும். வார்ப்பிரும்பில் செய்தது. தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒருநாள் போதுமடா சாமி என்று விரிசல் விட்டுவிடும். அந்த விரிசலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வாயைப் பிளந்துகொண்டு டிக் டிக் என்று சத்தம் போடும். சூடானதும் இரும்பு விரிந்து சத்தம் அடங்கிவிடும். ஆனால் சத்தம்தான் அடங்கும், இழுவையில் போகும்போது புகை கசிந்துகொண்டேதான் இருக்கும். வண்டிக்காரன் பத்து மைல் ஓட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தி, "சத்தத்தக் கேளுணா" என்பான். ஒரு சத்தமும் இருக்காது. அவன் என்னைப் பார்ப்பான், நான் அவனைப் பார்ப்பேன்.

அதனால் வண்டியை ஒரு ராத்திரி விட்டுவிட்டுப் போகச் சொல்லி, காலையில் குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டுக் கேட்க வேண்டும். மேனிஃபோல்டுக்கு மேலே ஒரு தகடு மூடியிருக்கும். அதைக் கழற்றி, கரி படிந்த இடம் எங்கே என்று கண்ணால் பார்க்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்தவன் செய்யாமல் விட்டதைத்தான் சொல்ல வந்தேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் வீட்டோடு தறி போட்டிருக்கும் ஒருவர் என்னுடைய பழைய வாடிக்கை. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அதிகம் பேசாத மனிதர். அவரிடம் பத்துப் பேர் உட்காரும் பழைய டீசல் ஜீப் ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு கல்யாணம் கருமாதிக்குப் போன வண்டி. இரண்டு வருடமாக அதற்கு ஒரே வேலைதான். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் செங்கல்பட்டுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போவார். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல். அந்தம்மா பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொள்வார். அவருக்கு எப்போதும் குளிரும், அதனால் ஓட்டுகிறவர் பக்கம் ஓர் இடுக்கு தவிர கண்ணாடி எல்லாம் ஏற்றியே இருக்கும். காலைத் தூக்கி ஏற முடியவில்லை என்று பின்கதவுக்குக் கீழே ஒரு இரும்புப் படி வெல்டு வைத்துக் கொடுத்தவன் நான்தான்.

கத்திரி வெயில் நேரத்தில் ஒருநாள், மனைவியை வீட்டில் இறக்கிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"வண்டி இழுக்க மாட்டேங்குதுணா. காலைல ஸ்டார்ட் பண்ணா டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம். அவளுக்கு வேற இப்பல்லாம் போயிட்டு வந்தா ஒரே தலவலி, வாந்தி. டயாலிசிஸ் பண்ணா அப்படித்தான் சில பேருக்கு இருக்கும்ன்றாங்க."

பின்கதவைத் திறந்தேன். குப்பென்று சாம்பிராணி. முன்பக்கத் தட்டில் ஒரு மண் கிண்ணம், அதில் கம்ப்யூட்டர் சாம்பிராணி பாதி எரிந்து கிடந்தது. சாமி படத்துக்குப் போட்ட மல்லிச் சரம் வேறு வெயிலில் வெந்துகொண்டிருந்தது. எனக்கு வந்ததே கோபம்.

"இன்னாபா இது, வண்டியா கோயிலா? இந்தப் புகையில நல்லா இருக்கறவனுக்கே மயக்கம் வரும். அந்தம்மா இன்னாத்துக்கு ஆவறது?"

"இல்லணா, அது இன்னாத்துக்குன்னா..."

"இன்னாத்துக்கா இருந்தா எனக்கு இன்னாபா? மொதல்ல இத நிறுத்து."

அவர் வாயை மூடிக்கொண்டார். எனக்கு வாய் நீளம், ஊருக்கே தெரியும். எதிராளி சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிற பொறுமை எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதோடு, எங்கள் ஊரில் சாம்பிராணி வாசனையை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கடை திறந்தால் சாம்பிராணி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தறிக்குச் சாம்பிராணி, புது வண்டிக்கும் பழைய வண்டிக்கும் சாம்பிராணி. வண்டிக்குள் டீசல் நாற்றம் அடித்திருந்தால் மோப்பம் பிடித்துக்கொண்டு போயிருப்பேன். சாம்பிராணி அடித்தது, பக்தி என்று விட்டுவிட்டேன்.

பானட்டைத் திறந்தேன். எஞ்சின் தகதகவென்று கொதித்தது. சத்தம் இல்லை. மேல்தகட்டைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டும் துருப்பிடித்துத் தலை மழுங்கிக் கிடந்தன. அதைக் கழற்ற அரை நாள் ஆகும். அந்த வாரம் இரண்டு லாரிக்கு மேனிஃபோல்டு இறக்கி ஏற்றியிருந்தேன். தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. ஸ்பானர் வரைக்கும் போன கை திரும்பி வந்துவிட்டது. கைக்கு எட்டிய இரண்டு நட்டை அரைத் திருப்பு இறுக்கினேன். "அவ்ளோதாம்பா, போ" என்று அனுப்பினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் பாய் விரித்துப் படுத்துத் தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கடை திறக்கும்போதே அவர் வண்டியோடு நின்றார். செவ்வாய்க்கிழமை அந்த நேரத்துக்கு அவர் செங்கல்பட்டில் இருக்க வேண்டும்.

"அந்தப் படிய அறுத்து எடுத்துடுணா" என்றார். "இனிமே வேணாம்."

என் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார். "ஐயோ, இல்லணா, இருக்குறா. வரமாட்டேன்றா. சனிக்கிழம போகல. இன்னிக்கும் மாட்டேன்னுட்டா. போயி வந்தா மறுநாள் பூரா தலயத் தூக்க முடியல, மண்ட பொளக்குது, தண்ணி குடிச்சாகூட வாந்தி, எனக்குப் போதும், வுட்டுடுங்கன்றா. கால்ல வுழாத கொறையாக் கேட்டுட்டேன். ஆஸ்பத்திரில இருந்து போன் மேல போன் வருது. முகமெல்லாம் வீங்கிக்கினு வருதுணா. வண்டிய வித்துடுன்னு சொல்றா. படி இருந்தா வாங்குறவன் கேள்வி கேப்பான்."

அவருக்கு அழுகை வரவில்லை. அழக்கூடத் தெம்பு இல்லாத மாதிரி நின்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் காது வேறு எங்கோ இருந்தது. வண்டி அவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நாளாக ஓடாமல் நின்றிருந்த வண்டி. வீட்டிலிருந்து என் கடைக்குப் பத்து நிமிட ஓட்டம், எஞ்சின் இன்னும் சூடாகவில்லை. டிக், டிக், டிக்.

கட்டிய வேட்டியோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கதவைச் சாத்தி, கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடிக்கச் சொன்னேன். சாம்பிராணி இல்லை, நான் சொன்ன அன்றைக்கே நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரத்தில் வந்தது. கியர் கம்பிக்குக் கீழே ரப்பர் கிழிந்திருந்த ஓட்டை வழியாக, எரிந்த டீசல் நாற்றம், மெல்ல. பத்து நிமிடம் உட்கார்ந்தேன். நெற்றிப்பொட்டில் தெறிக்க ஆரம்பித்தது, வாயெல்லாம் கசந்தது. நான் பீடி குடித்தவன், முப்பது வருடமாகப் புகையிலேயே கிடக்கிறவன். எனக்கே இப்படி.

இறங்கி வந்து, "இந்த நாத்தம் உனக்குத் தெரியலியாபா?" என்றேன்.

"தெரியும்ணா. பின்னால டீசல் நாத்தம் அடிக்குதுன்னு அவ சொல்லித்தான் சாம்பிராணி ஏத்துனேன். அன்னிக்கு அதத்தான் சொல்ல வந்தேன்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்குத் தகட்டைக் கழற்ற எனக்குப் பத்து நிமிடம்தான் ஆனது. உளியை வைத்து நான்கு போல்ட் தலையையும் வெட்டித் தள்ளினேன். மூன்றாவது வாய்க்கும் நான்காவது வாய்க்கும் நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல், சுற்றிலும் மை போலக் கரி. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே பத்து நிமிடம் எனக்கு இல்லாமல் போயிற்று. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதாம்பா. உன் வீட்டம்மாவப் போட்டு வாட்டுனது பாதி இதான். இத நான் அன்னிக்கே பாத்திருக்கணும். பாக்கல."

அவர் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை. "சரிணா, நீயே வந்து அவகிட்டச் சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா" என்று மட்டும் சொன்னார்.

என் டிவிஎஸ்ஸில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். அந்தம்மா கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மகள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். முகமும் காலும் ஊதியிருந்தன. இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கியது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேனிஃபோல்டு, விரிசல், கியர் கம்பி ஓட்டை, பத்து நிமிடத்தில் எனக்கு வந்த தலைவலி.

"டாக்டரே சொல்லாதத நீ சொல்றியாணா?"

"டாக்டரு உன் வண்டில ஏறலியேமா. நான் ஏறுனேன்."

"அன்னிக்கு இவுரு வண்டிய எட்த்துக்கினு வந்தாரே. அன்னிக்கு நீ பாத்தியா?"

"பாக்கலமா."

"ஏன்?"

வெயில் என்று சொல்லலாம். போல்ட் துரு என்று சொல்லலாம். வாயில் இரண்டும் வந்து நின்றன. "அலுப்பா இருந்துதுமா" என்றேன்.

அந்தம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. "உனக்கு அலுப்பு, நீ தகட்ட கழட்டல. எனக்கு அலுப்பு, நான் ஆஸ்பத்திரிக்குப் போகல. ரெண்டு பேரும் ஒண்ணுதான், போ" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டேன். இப்போதே ஒரு கார் கொண்டுவருகிறேன், உடனே கிளம்புங்கள் என்று கெஞ்சினேன். அந்தம்மா மசியவில்லை. "வாடகக் கார்ல போயி வாந்தி வரலன்னா இன்னா தெரியும்? அப்பால திரும்ப அதே வண்டிலதான ஏறணும். வாரத்துக்கு மூணு நாளு எவன் காரு குடுப்பான்? நீ சொல்றது மெய்யா இருந்தா, எங்க வண்டில வலி வரக்கூடாது. ரிப்பேரு பண்ணிட்டு வா, போறேன். ஒரே ஒரு தபா. வந்துதுன்னா அதோட யாரும் என்னக் கூப்புடக் கூடாது."

வியாழக்கிழமை என்று முடிவானது. மூச்சு இதைவிடத் திணறினால் அந்த நிமிடமே கிடைக்கிற வண்டியில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று தறிக்காரரிடம் வாசலில் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் எனக்கு இருந்த பயம் யாருக்கும் வர வேண்டாம்.

இந்த வேலையை அவசரமாகச் செய்ய முடியாது என்பதுதான் இதன் பாவம். மேனிஃபோல்டை எஞ்சினோடு பிடித்திருக்கும் எட்டு ஸ்டட் போல்ட்டில் ஐந்து ஒழுங்காக வந்தன. இரண்டு நெருப்புக் காட்டிய பிறகு வந்தன. கடைசி ஒன்று வேரோடு முறிந்தது. குனிந்த இடுப்போடு அதைத் துளை போட்டு எடுப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. விரிசலின் இரண்டு நுனியிலும் சின்னதாக ஒரு ஓட்டை போட வேண்டும். போடாவிட்டால் விரிசல் அங்கிருந்து மேலே ஓடும். பிறகு வார்ப்பிரும்பைக் கரி அடுப்பில் வைத்து முழுக்கச் சூடேற்றி, நிக்கல் ராடு வைத்து ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக வெல்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு அங்குலத்துக்கும் நடுவில் சின்னச் சுத்தியால் தட்டிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெரிய கொடுமை. வெளிக்காற்றுப் பட்டுச் சட்டென்று ஆறினால் வெல்டுக்குப் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். ஒரு டிரம் நிறைய உமிச்சாம்பல் வைத்திருக்கிறேன். அதில் புதைத்துவிட்டு, தானாக ஆறும்வரை கை வைக்காமல் இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை இருட்டும்போது புதைத்தேன். புதன்கிழமை காலையில் சாம்பலுக்குள் கையை விட்டால் இன்னும் வெதுவெதுப்பு. எடுத்துவிடலாம் என்று மனது அடித்துக்கொண்டது. எடுத்திருந்தால் மதியமே பூட்டி, சாயங்காலமே கிளம்பச் சொல்லியிருக்கலாம். இவ்வளவு வருடத்தில் எத்தனையோ முறை வண்டிக்காரன் முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று குதித்ததற்காக வெதுவெதுப்போடு எடுத்திருக்கிறேன். பாதி நிற்கும், பாதி நிற்காது. இது நின்றே ஆக வேண்டும். டிரம்முக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். தறிக்காரருக்குப் போன் போட்டு, "மூச்சு எப்படிபா இருக்குது?" என்று கேட்டேன். "அப்படியேதான்ணா" என்றார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் கேட்டேன். நாலாவது தரம் அந்தம்மாவே போனைப் பிடுங்கி, "சாகலணா, நீ வேலயப் பாரு" என்றார்.

மதியத்துக்கு மேல் சாம்பல் நன்றாகக் குளிர்ந்தது. எடுத்து, லேத்துப் பட்டறையில் கொடுத்து எஞ்சினோடு ஒட்டுகிற முகத்தைச் சமமாக இழைத்து வாங்கி, நடுவில் புது கேஸ்கெட் வைத்து, நடு நட்டிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று சுற்று இறுக்கினேன். கியர் கம்பிக்குப் புது ரப்பர் போட்டேன். எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவிலிருந்த சுவரில் கண்ணில் பட்ட ஓட்டையை எல்லாம் அடைத்தேன். வியாழக்கிழமை விடிந்ததும் குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு, ஊதுவத்தியைக் கொளுத்தி இணைப்பு ஓரமாகவே கொண்டுபோனேன். கசிவு இருந்தால் அந்த இடத்தில் புகை சிதறும். நேராக மேலே போனது. சத்தமும் இல்லை. சந்தோஷம் ஒன்றும் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனதும் அந்தம்மா என்னைப் பார்த்து, "நீயும் ஏறு. பின்னால, என்கூட. கண்ணாடிய ஏத்திக்கினு" என்றார். ஏறினேன். போகும்போது மூச்சு விடுவதே அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா எங்கள் மூன்று பேரையும் திட்டித் தீர்த்தார். நான்கு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். தறிக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் டீ வாங்கும்போது இரண்டாக வாங்கிவந்தார்.

திரும்பும்போதுதான் எப்போதும் வலி வருமாம். பழைய சீவரம் தாண்டும்போது தலையில் ஆரம்பித்து, வாலாஜாபாத்துக்குள் வாந்தி வந்துவிடும் என்று தறிக்காரர் காலையிலேயே சொல்லிவைத்திருந்தார். அந்தம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் கவரைத் தயாராகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தார். நான் அந்தக் கவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். பழைய சீவரம் போயிற்று. முன்சீட்டிலிருந்து அவர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார், நான் இல்லை என்று தலையாட்டினேன். வாலாஜாபாத்து நெரிசலில் வண்டி நின்று நின்று நகர்ந்தது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. வாலாஜாபாத்தும் போயிற்று.

அந்தம்மா கண்ணைத் திறந்தார். "ஒடம்பு அடிச்சுப் போட்டாப்ல இருக்குது" என்றார். என் உயிரே போய்விட்டது. "தல வலிக்கல."

தறிக்காரர் வண்டியை ஓரங்கட்டப் பார்த்தார். "நிறுத்தாத, ஓட்டு" என்று சொல்லிவிட்டு, அந்தம்மா என்னிடம் போனைக் கேட்டார். வீட்டிலிருந்த மகளுக்குப் போட்டுக் கொடுத்தேன்.

"நான்தாண்டி. வந்துக்கினே இருக்கறோம். ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். நீ இன்னா பண்ற, என் கட்டிலுக்கு அடியில ஒரு மஞ்சப்பை வச்சிருக்கேன் பாரு. அதுல என் கூரப் பொடவை இருக்குது. எட்த்து பீரோவுல திரும்ப வச்சிடு."

முன்சீட்டிலிருந்து அவர் கேட்டார். "கூரப் பொடவைய எதுக்கு வெளிய எட்த்த?"

"உங்களுக்குத் தேடத் தெரியாது. அன்னிக்கு வந்து எங்க இருக்குது எங்க இருக்குதுன்னு அல்லாடுவீங்க. நீங்க தறில நெஞ்சது, அதத்தான் எனக்குக் கட்டி அனுப்பணும்னு எட்த்து வச்சேன்."

அவர் தோள் இரண்டும் குலுங்குவது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. வண்டி கொஞ்சம் தடுமாறியது.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றார் அந்தம்மா. "இப்ப இன்னா ஆயிப்போச்சு? பசிக்குது எனக்கு."